எழுவான்கரைக்கு வந்தவள்

எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் வைகாசிச் சடங்கில் என் மேல்தான் வருவாள். எனக்கு முன் என் தாய்மாமன் மேல் வந்தாள். எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் போகிறது. அதனால் மாமா கண்ணை மூடியதும் அவருடைய மகனை விட்டுவிட்டு மருமகனான என்னைப் பிடித்தாள். அப்போது நான் வயரிங் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கரண்ட் அடித்தால் எப்படியிருக்கும் என்று தெரியும். இது அப்படி இல்லை. வீட்டுக்கு வந்த ஒருவர் நம்மை மெல்ல ஒதுக்கிவிட்டு நம் வாயால் பேசுவது இது. நோய் தீருமா, காணாமல் போன மகன் வருவானா என்று சனம் கேட்கும். அவள் பதில் சொல்வாள். அதைக் கட்டுச் சொல்வது என்பார்கள். சொன்னது என்னவென்று எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும்.

நான் எப்படி நிற்பேன் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். இடது கை பின்னால் மடிந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளுமாம். குதிகால் நிலத்தில் படாதாம். மூச்சை மூன்று முறை உள்ளே இழுத்துவிட்டு மஞ்சள் தண்ணீர் கேட்பேனாம். மாமாவும் அப்படித்தான். கோயிலுக்குள் யாரும் போனில் படம் எடுக்க முடியாது. ஆகவே ஊராரைத் தவிர இதைப் பார்த்தவர்கள் கிடையாது.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. மறுபக்கம், எழுவான்கரையில், ஒரு கிறிஸ்தவச் சபையின் சவுண்ட் பொக்ஸைத் திருத்தக் கூப்பிட்டார்கள். மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறிப் போனேன். வாவியைக் கடக்கிற மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம். அங்கே போதகரின் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு, பழுதே இல்லாத அந்தப் பொக்ஸை நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் திருத்தினேன். காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள். எனக்கு வெட்கமும் இருக்கவில்லை.

போதகர் நல்ல மனிதர். என்னை விரட்டவில்லை. "மகளைத் தாறன் தம்பி. அந்த ஆட்டத்தை மட்டும் படுவான்கரையிலயே விட்டுட்டு வாங்க," என்றார்.

"எனக்கு நீங்க மட்டும் காணும்," என்றாள் அவள். நான் மட்டும் போதும் என்ற அந்தச் சொல் எனக்கு இனித்தது. அம்மனைவிட அவளே பெரிதென்று முடிவெடுத்தேன், அதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அழவில்லை. மீனுக்குச் செதில் உரித்தபடி, "நீ போவாய் மனே. அவ எங்க போவா?" என்று மட்டும் கேட்டாள்.

வாவியில்தான் ஞானஸ்நானம் தந்தார்கள். அந்தத் தண்ணீருக்குள் தலையை முக்கினால் மீனோ மட்டியோ ஏதோ ஒன்று கிருகிருத்துக்கொண்டே இருக்கும். சின்ன வயதிலிருந்து எனக்குப் பழகிய சத்தம் அது. போதகர் என்னை அமிழ்த்தியபோது ஒரு சத்தமும் கேட்கவில்லை. கிணற்றை மூடியதுபோல இருந்தது. மேலே வந்ததும் எல்லோரும் பாடினார்கள். நான் நடுங்கியதைக் குளிர் என்று நினைத்து ஒருவர் துவாய் போர்த்தினார்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கவேண்டும். நானும் போனேன். ஞாயிறுதோறும் கைகளை உயர்த்தி நின்றேன். என்னைச் சுற்றி எல்லோரும் ஆவியில் நிரம்பி அந்நிய பாஷை பேசுவார்கள். எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் அது வரவில்லை. அவள் அதற்காக வருஷக்கணக்கில் உபவாசம் இருந்தவள். என் நிலையோ அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. அம்மன் எழும்பிப்போன இடத்தில் கர்த்தரும் வந்து குந்தவில்லை.

வைகாசி வந்தது. பகல் வேளையில் பறைச் சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. முன்பென்றால் முதல் அடியிலேயே உடம்பு விறைக்கும். இப்போது மரத்துப்போன காலைக் கிள்ளியதுபோல ஒன்றுமில்லை. சனிக்கிழமை அம்மா போன் எடுத்தாள்.

"இன்னும் ஒருத்தரிலயும் வரல்ல மனே. நாளண்டைக்குக் குளுத்தி. சனமெல்லாம் வாயைப் பாத்துக்கிட்டு நிக்குதுகள்."

திங்கட்கிழமை குளிர்த்தியோடு சடங்கு முடிந்துவிடும். அதற்குள் அம்மன் யார் மேலும் வராவிட்டால் ஊருக்கு அந்த வருஷம் கட்டுச் சொல்ல ஆளில்லை. நான் இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆராதனையில் நான் வழமைபோல மிக்சருக்குப் பக்கத்தில் இருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். அவளுடைய இடது கை மெதுவாகப் பின்னால் மடிந்து முதுகில் ஒட்டியது. குதிகால்கள் உயர்ந்தன. மூச்சை உள்ளே இழுத்தாள், மூன்று முறை. "மஞ்சத்தண்ணி," என்றாள். யாரோ ஒரு போத்தல் தண்ணீரை நீட்ட, அதைத் தட்டிவிட்டாள். பிறகு யாருக்கும் விளங்காத வேகத்தில் பேசத் தொடங்கினாள். ஒருவர் ஓடிப்போய் மைக்கை அவள் வாயருகே பிடித்தார். சபை முழுவதும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது. மகளுக்கு வரம் கிடைத்துவிட்டதென்று போதகர் அழுதார்.

நடுவில், செத்துப்போன என் தாய்மாமனின் பெயர் வந்தது. நான் அவளுடைய மைக்கின் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வந்தது பொறாமை.

வீட்டுக்கு வந்து அவள் முகம் கழுவினாள். கல்யாண நாளில்கூட அவளை அவ்வளவு சந்தோசமாக நான் பார்த்ததில்லை.

"கர்த்தரா வந்தது?" என்று கேட்டேன்.

"இல்ல. ஒரு பொம்பிளை," என்றாள். "அப்பாவுக்குச் சொல்லிராதீங்க."

"என்ன கேட்டா?"

"உங்களைக் கேட்டா. அவர் இனி வரமாட்டார், அவரை நான் எடுத்திட்டன் எண்டு சொன்னன். அப்ப நீ வாவன் எண்டா." துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஓம் எண்டிட்டன். நாளைக்குப் படுவான்கரைக்குப் போற முதல் பாதை எத்தின மணிக்கு?"