கெட்டிமேளமும் என் வலது கையும்

போன கிழமை பருத்தித்துறைக்குப் பேச்சுப் பதிந்த ஒரு கசற் வந்தது. கப்பலில் இருந்து. வந்தது எனக்கல்ல, பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவுக்கு, அவவின் மகனிடமிருந்து. ஆனால் பயந்தது நான்!

அக்காவிடம் ரேப் ரெக்கோடர் இல்லை. என்னிடம் இருக்கிறது. கசற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டா.

"தம்பி, தவம் கதைச்சு அனுப்பியிருக்கிறான். ஒருக்காப் போடு பாப்பம்."

"ஐயோ அக்கா… பற்றரி முடிஞ்சுபோச்சு."

இந்த மெஷின் கரண்டில் ஓடுகிறது என்பது அக்காவுக்குத் தெரியாது. என் மனுசிக்குத் தெரியும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நாளும் பற்றரி இல்லை. அதற்கு அடுத்த நாள் பற்றரி விற்கிற கடைகள் எல்லாம் பூட்டு! அக்கா பாவம், நம்பிக்கொண்டு போனா.

ஏன் இந்தப் பயம்? ஒரு தாய் தன் பிள்ளையின் குரலைக் கேட்க விடாமல் தடுக்கிற அளவுக்கு அப்படி என்ன செய்துவிட்டேன்?

கையைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிற புண்ணியவான்களுக்கு நினைவிருக்கும் - தலை நரைக்கிற வயதில் நான் ஒலிப்பதிவு படிக்க வெளிக்கிட்ட கதை. அதை எழுதிய நாளில் இருந்து பஸ் ஸ்ராண்டில் நின்றால் யாராவது ஒரு பெடியன் வந்து, "அண்ணை, உந்த சவுண்ட் வேலை எங்கை படிக்கலாம்?" என்று கேட்கிறான். பெரிய வித்துவானிடம் கேட்பது போலப் பணிவாகக் கேட்கிறான். அந்தப் பணிவைப் பார்த்தாலே எனக்கு நடுக்கம்.

எங்கே படிக்கலாம்? நானும் தேடித்தான் பார்த்தேன். கொழும்பில் வானொலியில் வேலை கிடைத்தால் உள்ளே வைத்துச் சொல்லித் தருவார்களாம். இந்த வயதில் என்னை வேலைக்கு எடுக்க அவர்களுக்கு என்ன விசரா? இந்தியாவில் இருந்து தபாலில் பாடம் வரும் என்றார்கள். எழுதிப் போட்டேன். வந்தது. முதல் பக்கத்திலேயே, மின்சாரம் தாக்கியவருக்குச் செய்யவேண்டிய முதலுதவி - படத்தோடு! படத்தில் கீழே கிடந்தவர் அச்சொட்டாக என்னைப் போல இருந்தார். இரண்டாம் பக்கத்தை நான் இன்றுவரை திருப்பவில்லை.

கடைசியில் போய் விழுந்தது குணத்திடம். நெல்லியடியில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கிறவன். என்னிலும் நன்றாக இளையவன். வாய் மட்டும் அவனுடைய ஸ்பீக்கரைப் போல.

"எனக்குத் தெரிஞ்சது பாதி அண்ணை. மிச்சப் பாதியை மெஷின் சொல்லும்."

"மெஷின் சொல்லாட்டி?"

"புகை வரும். அப்ப விளங்கிக்கொள்ள வேண்டியதுதான்."

இப்படித்தான் தொடங்கியது என் படிப்பு. நான் பதிந்த முதல் ஒலி என்னுடைய மூச்சு. மைக்கைப் பிடித்தபடி பயத்தில் விட்ட மூச்சு. போட்டுக் கேட்டபோது, "ஆருடைய நாய் உது இப்பிடி இளைக்குது?" என்றாள் மனுசி. பிறகு காகத்தைப் பதிந்தேன். தேங்காய் துருவுவதைப் பதிந்தேன். முற்றத்தில் பதிந்தால் எங்கள் கடற்காற்று மைக்குக்குள் புகுந்து லொறி போல உறுமியது. குழந்தைப்பிள்ளையின் காலுறையை மைக்குக்கு மாட்டிவிட்டேன். லொறி ஓடிவிட்டது! மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தால் தவில் தவிலாகக் கேட்கும், கிட்ட வைத்தால் தகரம் உடைவது போலக் கேட்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பதிவது, கேட்பது, வெட்கப்படுவது, திரும்பப் பதிவது. இதைவிட வேறு பள்ளிக்கூடம் இருந்தால் எனக்கும் அறிவியுங்கள்.

ஆனால் அந்தச் சிவப்புக் கட்டை இருக்கிறதே! அழுத்தினால் பதியும், முன்பு இருந்ததெல்லாம் அழியும். அதைக் கண்டால் எனக்கு விரல் விறைத்துவிடும். சரியாகத்தான் அழுத்தினேனா என்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

இந்த அழகில்தான் பாக்கியம் அக்காவின் மகள் சரோவுக்குக் கலியாணம் பொருந்தியது.

சரோவுக்கு ஒரே தமையன் தவம். மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்கவேண்டியவன். கப்பலில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அக்கா என்னிடம் வந்தா.

"தம்பி, நீ கலியாணத்தைக் கசற்றிலை பதிஞ்சு தா. நான் கசற்றோடை, ஆசி சொல்லிப் போடுற அறுகரிசியும் கொஞ்சம் அனுப்பப் போறன். தாலி கட்டுற மேளம் கேக்கேக்கை அவன் அங்கை நிண்டு போடட்டும். கண்ணாலை காணாட்டிலும் தங்கச்சிக்கு அவன்ரை கையாலை அரிசி விழவேணும்."

"ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஒரு மனிதன் நடுக்கடலில் கை நிறைய அரிசியை வைத்துக்கொண்டு என் ஒலிப்பதிவுக்காகக் காத்திருக்கப் போகிறான்! அந்த மேளம் பதியாமல் போனால்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குணமும் அந்தக் கலியாணத்துக்குத்தான் ஸ்பீக்கர் கட்டினான். அதில்தான் சிக்கல். ஐயரின் மந்திரமும் மேளமும் ஸ்பீக்கரில் போய், சுற்றி வந்து என் மைக்குக்குள் திரும்பவும் விழும். எல்லாம் கிணற்றுக்குள் நடப்பது போலக் கேட்கும். ஆகவே இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்தோம். நான் மணவறைக்குப் பக்கத்தில் ரேப்போடு இருப்பேன். குணம் வாசற் படலையடியில் அம்பிளிபயரோடு இருப்பான். தாலி கட்டுகிற நேரம் நான் வலது கையைத் தூக்குவேன். உடனே அவன் ஸ்பீக்கரை நிற்பாட்டுவான்.

என் வீட்டு முற்றத்தில் ஒத்திகையும் பார்த்தோம். கையைத் தூக்கினேன், நிற்பாட்டினான். தூக்கினேன், நிற்பாட்டினான். என்ன திறமான ஏற்பாடு என்று ஆளை ஆள் மெச்சிக்கொண்டோம்.

வாசகர்களே, கலியாண வீட்டில் மணவறைக்குப் பக்கத்தில் நின்று ஒருவன் கையைத் தூக்கினால் அதற்கு என்ன அர்த்தம்? பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியவில்லை!

கலியாண நாள் வந்தது. ஐயர் தாலியைத் தட்டத்தில் வைத்துச் சபைக்கு அனுப்பினார். பெரியவர்கள் தொட்டு ஆசி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரெக்கோடரில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் சும்மாவே துள்ளியது. சிவப்புக் கட்டையைப் பார்த்தேன். அழுத்தித்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன். நிமிர்ந்தேன். தாலி கட்ட மாப்பிள்ளை எழும்புகிறார்! அவர் வேட்டியைச் சரிசெய்யத்தான் எழும்பினார் என்பது பிறகு தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. கைதான் வேலை செய்தது.

தூக்கிவிட்டேன்.

தவில்காரர் என் கையைக் கண்டார். இடித்தாரே ஒரு இடி… கெட்டிமேளம்!

பின்னால் இருந்த சனம் எழும்பி அரிசியை அள்ளி எறிந்தது. மாப்பிள்ளை வெறுங்கையோடு நின்றார். தாலியோ சபையின் நடுவில், கண் தெரியாத ஒரு பெரியவரின் மடியில். "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று ஐயர் மைக்கில் கத்தினார். யாருக்குக் கேட்கும்? என் கையைக் கண்ட குணம்தான் கெட்டிக்காரனாய் ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டானே!

நான் பதறிப்போய் இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். தவில்காரர் அதைக் கண்டு, போதாது என்கிறான் போல என்று இன்னும் பலமாக இடித்தார்.

மேளம் ஓய்ந்தபோது பந்தலில் ஒரு அமைதி. அதைப் போல ஒரு பயங்கரமான சத்தத்தை நான் என் சீவியத்தில் கேட்டதில்லை.

"ஆரடா கை காட்டினது?" என்றா பாக்கியம் அக்கா. முகம் வெளுத்திருந்தது. மங்கள காரியம், தாலி இல்லாமல் மேளம்… ஒரு தாயின் நெஞ்சு என்ன பாடுபடும்! ஐயர்தான் நிதானமாக, "முகூர்த்தம் இன்னும் கிடக்கு. ஒரு தோஷமும் இல்லை அம்மா. பயப்பிடாதேங்கோ" என்றார். அக்காவுக்குச் சொன்ன அந்த ஆறுதலில் பாதியை நான் களவாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு உண்மையான தாலி கட்டு. தவில்காரர் இனி எந்தக் கையையும் நம்பத் தயாராக இல்லை. அக்காவே தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் தடியை எடுத்தார். நானோ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் ஏறி இருந்தேன். முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. சத்தத்தைக் குறைக்கவேண்டும். குறைக்கக் கையை வெளியே எடுக்கவேண்டுமே! எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். பொய் மேளம் மணி மணியாக விழுந்திருந்தது. மெய் மேளம் கரகரவென்று, சருகுக்குள் ஆடு ஓடுவது போல.

"விடுங்கோ அண்ணை" என்றான் குணம். "ரெண்டு மெஷினை வயராலை தொடுத்து, முதல் மேளத்தைத் தூக்கித் தாலி கட்டுற இடத்திலை ஒட்டுவம். நடுவிலை கிடக்கிற குழப்பத்தைக் கழிச்சு விடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

எனக்கும் ஆசைதான். ஒட்டியும் பார்த்தோம். திறமாக வந்தது! ஆனால் அக்கா மஞ்சள் அறுகரிசியைச் சின்னக் கடதாசிப் பையில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டியபோது ஒட்டிய கசற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். தாலியே கட்டாத மேளத்துக்கா அவன் அரிசி போடவேண்டும்? அப்படியே அனுப்பினாலும், முதல் மேளத்துக்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டால் தங்கைக்கு எது மிஞ்சும்? இரண்டு பக்கமும் பாவம்!

சரோவைத்தான் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"கிடந்தபடி அனுப்புங்கோ மாமா. அண்ணை பந்தலுக்கை நிண்டிருந்தா ரெண்டையும்தானே கேட்டிருப்பார்?"

அனுப்பினோம். முதல் மேளத்தை நம்பாதே என்று முன்னுக்கு ஒரு வார்த்தை சொல்லிப் பதிந்திருக்கலாம். துணிவு வரவில்லை. சொன்னால் கை காட்டியது யார் என்றும் சொல்லவேண்டுமே!

இப்போது விளங்குகிறதா, ஏன் பற்றரி இல்லாமல் போனது என்று?

நாலாம் நாள் அக்கா வந்தபோது நான் வாயைத் திறக்க முன்னமே, "இஞ்சருங்கோ, தள்ளுங்கோ" என்று சொல்லி மனுசி வயரைச் செருகிவிட்டாள். கசற் சுழன்றது. எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் தவத்தின் குரல்.

"அம்மா… மேளம் கேட்ட உடனை எழும்பி நிண்டு அரிசி முழுக்கப் போட்டிட்டன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. நான் கதவைப் பார்த்தேன். ஓடினால் எவ்வளவு தூரம் ஓடலாம்?

"பிறகு ஒரே கத்தல். ஐயர் தாலி எங்கை எண்டு கேக்கிறார். தங்கச்சிக்கு என்னவோ எண்டு பயந்திட்டன். அப்ப, மைக்குக்குக் கிட்ட, 'நானில்லை… நானில்லை' எண்டு ஒரு குரல். பக்கத்து வீட்டு மாமா! எனக்கு அப்பத்தான் உயிர் வந்தது. மாமா பயந்து கத்தினா ஒண்டும் பெரிசா நடக்கேல்லை எண்டுதானே அர்த்தம்!"

என் மைக் என்னையே பிடித்துக் கொடுத்திருக்கிறது. பதிந்த நான் அதைக் கேட்கவே இல்லை. மேளத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரேப்பை நிப்பாட்டிப்போட்டு, கீழை விழுந்த அரிசியை ஒவ்வொண்டாப் பொறுக்கினன். என்னோடை இருக்கிற பிலிப்பைன்ஸ்காரனும் முழங்காலிலை நிண்டு கட்டிலுக்குக் கீழை கிடந்ததைப் பொறுக்கித் தந்தான். ஏன் எண்டு கேக்கேல்லை. பிறகு ரேப்பைப் போட்டு, ரெண்டாம் மேளத்துக்கு ரெண்டு பேருமாப் போட்டம் அம்மா. கரகரத்த மேளம்தான். ஆனா அதுக்குப் பின்னாலை சரோ அழுறது கேட்டுது."

அக்கா அழுதா. மனுசி அழுதாள். நான் மட்டும் அழவில்லை - மூக்கைச் சீறினால் அதையும் மெஷின் பதிந்துவிடுமோ என்று பயம்.

பஸ் ஸ்ராண்டில் கேட்கிற பெடியன்களே, எங்கே படிப்பது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் பதிகிற நேரம் உங்களுடைய பயமும் பதியும். கவனம்.

"அரிசி பொறுக்கின இடத்தைத் திருப்பிப் போடு தம்பி" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா கையைத் தூக்கிக் காட்டினா.

மனுசிதான் கட்டையை அழுத்தினாள். என் இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருந்தன.