ஜெயிலுக்குப் போன பத்திரிகை

எங்கள் கொள்ளுத்தாத்தா பத்திரிகை அடித்ததற்காக ஜெயிலுக்குப் போனவர். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் அப்பா இதைச் சொல்லிவிடுவார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வாராவாரம் பத்திரிகை நடத்தி, மேடையேறிப் பேசி, தேர்தலில் நின்று தோற்று, தோற்ற கதையையும் தன் பத்திரிகையிலேயே முதல் பக்கத்தில் போட்டவராம்.

இரண்டாம் வகுப்புப் படித்த எனக்கு இதில் பாதி புரியாது. தினமும் காலையில் வாசலில் வந்து விழுவதை எங்கள் வீட்டில் பேப்பர் என்றுதான் சொல்வோம். பத்திரிகை என்றால், மூலையில் மஞ்சள் தடவி, தட்டில் வைத்து, கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களே, அது.

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டேன் என்று அப்பா ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். கொள்ளுத்தாத்தா கதையை ஊருக்கெல்லாம் சொல்பவர், தெரிந்தே இப்படிச் செய்கிறாரே! கட்டுகள் வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் மாடியில் கிடந்த காலித் தொட்டிக்குள் போட்டு மூடினேன்.

சின்னசேலத்துச் சொந்தங்களுக்குக் கொடுக்கக் கிளம்பிய அப்பா, பத்திரிகையைக் காணாமல் வீட்டையே புரட்டிப் போட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“யாருக்கும் குடுக்காதப்பா. போலீசு உன்ன புடிச்சிக்கினு பூடும்.”

விஷயம் புரிந்ததும் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. கல்யாணப் பெண்ணான அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னை மடியில் இழுத்து வைத்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“இது எல்லாரையும் வாங்கன்னு கூப்புட அடிச்சது கண்ணு. அவரு அடிச்சது, வெள்ளைக்காரன வூட்டுக்குப் போடான்னு சொல்ல.”

இவ்வளவு சுருக்கமாக அதன்பிறகு எனக்கு யாரும் அரசியல் சொல்லித் தந்ததில்லை. அந்த வார்த்தைக்காகவும், சிரிக்காமல் இருந்ததற்காகவும் அத்தைக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

ஜெயிலிலிருந்து வந்து கொள்ளுத்தாத்தா என்ன செய்தார் என்று கேட்டேன். திரும்பவும் பத்திரிகைதான் அடித்தாராம். அப்படியானால் அவருக்குப் பயமே கிடையாது என்று முடிவுகட்டி, நிம்மதியாக மாடிக்குப் போய்க் கட்டுகளை எடுத்துவந்து கொடுத்தேன். அவருக்கும் அப்போது என் வயதில் ஒரு மகள் இருந்தாள் என்பதும், அவள் அழுததையும் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் முறை அச்சுக்குக் கொடுத்தார் என்பதும் எனக்கு அன்று தெரியாது.