அப்பா போட வேண்டிய முடிச்சு

அப்பாவுக்கு அறுபது நிறையும் நாளில் அவர் விழித்திருக்க வேண்டும். அம்மா கேட்டது அது ஒன்றுதான். மண்டபம் வேண்டாம், நாதஸ்வரம் வேண்டாம், புதுப் புடவைகூட வேண்டாம் என்றாள். "அவர் கையால ஒரு முடிச்சு. அது போதும்."

தாம்பரத்துக்குக் கிழக்கே, வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தது அந்த இல்லம். இனிச் சிகிச்சை இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கான இடம். அப்பா அங்கே சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கணையத்தில் தொடங்கியது ஈரலுக்குப் போயிருந்தது. அறுபது வரை இருப்பாரா என்று முதல் வாரத்தில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் திட்டம் போட ஆரம்பித்தேன்.

எங்களில் அறுபதாம் கல்யாணத்தன்று மறுபடியும் தாலி கட்டுவார்கள். முதல் முடிச்சு கணவன் போடுவது. மற்ற இரண்டும் அவன் கூடப் பிறந்தவள் போடுவது. வேறு யார் கையும் படக்கூடாது. அந்த முதல் முடிச்சுக்கு எங்கள் வீட்டில் ஒரு கதையே உண்டு. அப்பாவுக்குச் சேலையூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் புதுச் செம்புக்கம்பி சுற்றி, அது அசையாமல் இருக்க நூலால் இறுக்கிக் கட்டுவார். கல்யாணத்தன்றும் கை பழக்கத்தில் அதே முடிச்சைப் போட்டுவிட்டார். மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கும்போது அதை அவிழ்க்க மூன்று பெண்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனதாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா, "ஓடறப்போ அவுந்துரக் கூடாதில்ல?" என்பார்.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எது எங்கே தவறும் என்று முன்கூட்டியே யோசித்து வரிசையாக எழுதி வைப்பதற்குத்தான் சம்பளம். அறுபதாம் கல்யாணத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது நடக்காவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு கட்டம். வார்டில் ஆக்சிஜன் இருப்பதால் ஹோமம் முடியாது. கலசத் தண்ணீரோடு முடித்துக்கொள்ளக் குருக்கள் சம்மதித்தார். கட்டிலைச் சுற்றி ஆறு பேருக்கு மேல் கூடாது. மற்றவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரலாம். அப்பாவின் அக்கா, என் அத்தை, இரண்டு முடிச்சு போட வேண்டும். அந்த வரிக்கு எதிரே 'மாற்று தேவையில்லை' என்று எழுதினேன். அத்தை மடிப்பாக்கத்தில் இருக்கிறாள். ஒரு விசேஷத்துக்கு வராமல் இருந்ததே இல்லை.

சிக்கல் பத்து மணி மருந்தில் இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்பாவுக்கு மார்ஃபின். கொடுத்த அரை மணியில் கண் செருகிவிடும், ஒன்றரை மணி நேரமாவது தூங்குவார். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரை. எனவே அன்றைக்கு மட்டும் பத்து மணி மருந்தைத் தாலி கட்டி முடித்த பிறகு கொடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா தயங்கினார். அப்பாவையே கேட்டார். அப்பா தலையாட்டினார். "வலி லேசா வந்தாலும் உடனே சொல்லணும், பொறுத்துக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு டாக்டரம்மா சம்மதித்தார்.

"விரலைத் தூக்குப்பா, போதும்" என்றேன்.

"என்னையும் டெஸ்ட் பண்றியா, மேடம்?" என்றார்.

பட்டியலில் அந்த வரிக்கு நேரே டிக் போட்டேன். என் தவறு அங்கேதான் நடந்தது. விரலைத் தூக்காமல் இருந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை காலை அப்பாவுக்குச் சவரம் செய்து, வேட்டியைப் போர்வைக்கு மேலேயே சுற்றி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்தோம். அம்மா அவருடைய நெற்றியில் திருநீறு பூசினாள். அத்தை ஒன்பதரைக்கே வந்துவிட்டாள்.

"டேய், இன்னைக்காவது சாதா முடிச்சா போடுடா. உனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. அன்னைக்கும் நான்தான் ஜாஸ்தி வேலை செஞ்சேன்."

அப்பா சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. என் பட்டியல் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பத்து மணி தாண்டியது. குருக்கள் கலசத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஜக்கை மாற்ற வந்த சிஸ்டர்தான் போர்வைக்கு அடியில் பார்த்தார். அப்பாவின் வலது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. சவரம் செய்த மேலுதட்டில் வியர்வை.

"சார், வலிக்குதா? எப்பலேர்ந்து?"

அப்பா குருக்களைப் பார்த்து, "ஆகட்டும் சாமி, சீக்கிரம்" என்றார். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்து ஒரு முனகல் வெளியே வந்தது. அடுத்தது அதைவிடப் பெரிதாக வந்தது. கால்கள் மடங்கின.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, "குடுத்துடுங்கம்மா" என்றாள்.

டாக்டரம்மா ஓடி வந்தார். மாத்திரை போதாது என்று ஊசி போட்டார். சற்று நேரம் பொறுத்து இன்னொன்றும் போட வேண்டியிருந்தது. என்னைத் திட்டவில்லை. "ஏற விட்டுட்டா இறக்கறது கஷ்டம்மா" என்று மட்டும் சொன்னார். வழக்கமான நேரத்தில் கொடுத்திருந்தால் ஒன்றரை மணி நேரத் தூக்கம். நான் தள்ளிப்போட்டதால் அதற்கும் சேர்த்து மருந்து, அதற்கும் சேர்த்துத் தூக்கம். பத்து ஐம்பதுக்கு அப்பா வாய் திறந்தபடி தூங்கிவிட்டார். முகூர்த்தத்தில் இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது.

"கயித்த அவர் கையில தொட்டு வாங்கிண்டு, அவா அக்காவே மூணும் போட்டுடலாம். தோஷமில்லை" என்றார் குருக்கள்.

"இல்ல சாமி. அவர் கட்டட்டும்" என்றாள் அம்மா.

பதினொன்றரை வரை அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். பிறகு குருக்கள் அட்சதை போட்டுவிட்டுக் கிளம்பினார். வீட்டில் சமைத்தது ஆறிக்கொண்டிருந்தது. அம்மாதான் அத்தையிடம் சொன்னாள், "நீங்க போய் எல்லாருக்கும் போடுங்க அண்ணி. வந்தவங்க பட்டினியா போகக் கூடாது." அத்தை எங்கள் வீட்டுக்குப் போனாள்.

அப்பா இரண்டேகாலுக்குக் கண் திறந்தார்.

"டைம் ஆச்சா?"

தெளிவாகக் கேட்டார். அவரைப் பொறுத்தவரை நடுவில் எதுவுமே நடக்கவில்லை. நான் கைபேசியைப் பார்த்தேன். வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. ராகு காலத்தில் புதுப் பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்காதவள் அம்மா.

"ஆச்சுங்க. கட்டுங்க" என்றாள்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கயிற்றைக் கழுத்தில் தானே வைத்துக்கொண்டு, அவர் கைக்கு எட்டும்படி குனிந்தாள். இரண்டு நுனிகளையும் அவர் விரல்களில் கொடுத்தாள். அப்பா ஒரு நுனியை இன்னொன்றின் மேல் போட்டார். உள்ளே நுழைத்தார். அதற்கே பல நிமிடம் ஆனது. இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இழுக்க முடியவில்லை. விரல்கள் நடுங்கின, நின்றன, மறுபடி நடுங்கின.

நான் அத்தையை அழைத்தேன். "கேம்ப் ரோட்ல நிக்குதுடி வண்டி, நகரவே மாட்டேங்குது" என்றாள். என் பட்டியலில் மாற்று இல்லாத ஒரே வரி.

அப்பாவின் கைகள் அம்மாவின் பிடரியில் சரிய ஆரம்பித்தன. என்னை அறியாமல் என் கை நீண்டது. நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு, அவ்வளவுதான்.

"தொடாத" என்றாள் அம்மா. குனிந்த தலையோடு, என்னைப் பார்க்காமலே. "நீ போடக் கூடாது."

கையை எடுத்துக்கொண்டேன். இரண்டு தலையணைகளைக் கொண்டுவந்து அப்பாவின் முழங்கைகளுக்கு அடியில் வைத்தேன். அம்மாவின் காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். மின்விசிறியைக் குறைத்தேன். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. அப்பாவின் கண் மூடிவிட்டது. விரல்கள் மட்டும் நுனிகளை விடவில்லை. அம்மா அசையவும் இல்லை. நிமிர்ந்தால் கயிறு விழுந்துவிடும்.

"வலிக்குதாம்மா?"

"பேசாத. முழிச்சுக்கப் போறார்."

மூன்று மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து அத்தை சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள்.

"இன்னாடி இது! எவ்ளோ நேரமா குனிஞ்சுகினு இருக்க?"

"அவர் போட்டுட்டார் அண்ணி. உங்க ரெண்டையும் போடுங்க. அவரோடதைத் தொடாம, அதுக்கு மேல."

அத்தை கேரியரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அங்கே முடிச்சு எதுவும் இல்லை. இறுக்கப்படாமல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்த இரண்டு நுனிகள்தான். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்தேன்.

"போட்டுட்டான்" என்றாள் அத்தை. "அதே பாழாப்போன மோட்டார் முடிச்சு."

விரல்களுக்கு அப்பால் மீதி இருந்த கயிற்றில் தன் இரண்டையும் போட்டாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு தம்பியின் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அம்மாவால் உடனே நிமிர முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் தாங்கி மெதுவாகத் தூக்கினோம். அம்மா பிடரிக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கயிற்றைத் தடவிக்கொண்டே, தூங்கும் அப்பாவிடம் சொன்னாள்.

"இதையும் அவுக்க முடியாது போலிருக்கே."