இல்லாத ஒரு வருடத்தை வாங்கினேன்

என் கணவர் அதிகம் பேசாத மனிதர். கல்யாணவீடுகளில் ஒரு மூலைக் கதிரையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு வரிசை எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டிலும் அப்படித்தான். ஆனால் ஓகஸ்ட் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். அன்று தானே சேர்ட்டை அயர்ன் பண்ணுவார். மத்தியானம் போகவேண்டிய இடத்துக்குக் காலையிலேயே காரில் ஏறியிருந்து ஹோர்ன் அடிப்பார். என்னைப் பெண்பார்க்க வந்த அன்றுகூட மனிதர் இவ்வளவு ஆயத்தமாக வரவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் அவர்களுடைய ‘தெரிவு’ நாள். விளையாட்டு அமெரிக்கன் ஃபுட்போல். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் அவன்மேல் விழுந்து அமுக்குகிற ஆட்டம். எங்கள் ஆட்கள் அதை விளையாடுவதில்லை. விளையாடினால் அன்றைக்கே இடுப்பு போய்விடும். எட்டுப் பேர் வட்டமாக இருந்து, அமெரிக்க அணிகளில் உண்மையாக விளையாடுகிற வீரர்களைத் தங்களுக்குள் பங்கு பிரிப்பார்கள். முறை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லவேண்டும்; இப்படிப் பல சுற்று. ஒருவர் எடுத்த வீரனை இன்னொருவர் எடுக்கமுடியாது. அதன்பிறகு மார்கழி முடியும்வரை அந்த வீரர்கள் மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அதற்குத் தக்கபடி இவர்களுக்குப் புள்ளி.

முதலாவதாக எடுப்பவருக்கு அந்த வருடத்தின் ஆகச் சிறந்த ஆள் கிடைப்பான். யார் முதல், யார் கடைசி என்பதற்கு ஒரு பழைய பிஸ்கற் தகரப் பேணிக்குள் நம்பர் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். என் கணவருக்கு அத்தனை வருடத்தில் ஒருமுறையாவது ஒன்றாம் நம்பர் வந்ததில்லை. ‘இந்த முறை வரும்’ என்று ஒவ்வொரு வருடமும் போவார். ஆறோடு அல்லது ஏழோடு திரும்பி வருவார்.

இந்த ஆட்கள் எல்லோரும் கனடாவுக்கு வந்த புதிதில் டோர்செட் பார்க்கில் ஒரே மாடிக்கட்டடத்தில் ஒன்றாக இருந்தவர்கள். வேலைத்தலத்தில் திங்கட்கிழமைகளில் வெள்ளைக்காரர் எல்லாம் இந்த ஆட்டத்தைப் பற்றியே கதைத்தார்களாம். தாங்களும் ஒரு சொல் சொல்லவேண்டுமே என்பதற்காகப் பார்க்கத் தொடங்கியது, பிறகு விசராகவே மாறிவிட்டது. இப்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில். ஓகஸ்ட் சனிக்கிழமையை விட்டால் ஒருவரையொருவர் காண்பது செத்தவீட்டில்தான். அங்கே வாய்விட்டுச் சிரிக்க முடியுமா?

நான் உள்ளே வந்தது ஒருவர் வேலை மாறி அல்பேட்டாவுக்குப் போனதால். வாராவாரம் இரண்டிரண்டு பேராக மோதவேண்டும் என்பதால் எட்டுப் பேர் கட்டாயம். “எட்டுக்கு ஆள் காணாது, நீரும் வாருமன்,” என்றார் இவர். ரீவிக்கு முன்னால் இருந்து வெங்காயம் உரித்தே எனக்கு ஆட்டம் பிடிபட்டிருந்தது. இவர் சத்தம் போடும் இடங்களில் பாதி பிழையான இடம் என்பதும் தெரிந்திருந்தது. சரி என்று போனேன்.

அந்த முறை தெரிவு வழக்கம்போல பிக்கரிங்கில், எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிற மூத்தவரின் பேஸ்மென்டில் நடந்தது. இந்த ஆட்டத்தைத் தொடக்கியவரே அவர்தான். பேணியும் அவருடையது. மற்றன் றோல்ஸ், கொத்துரொட்டி, ஒரு பெரிய சட்டி நிறையக் கடலை. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரும்தான்! யாரோ ஒருவரின் முழங்காலைப் பற்றி வைத்தியர் மாதிரி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய குரலைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணை எழும்பினார்.

“ஒரு விசயம் சொல்லவேணும். இந்த வீட்டை விக்கிறம். பிள்ளையளும் தனித்தனியப் போட்டுதுகள், எங்கள் ரெண்டு பேருக்கும் மாடிக்கட்டடத்திலை ஒரு சின்னக் கொண்டோ காணும். அங்கை பேஸ்மென்ட் எண்டு ஒண்டில்லை. எல்லாரும் பிஸி, இனி ஆர் இதை இழுத்துக்கொண்டு திரியிறது? இந்த வருசத்தோடை முடிப்பம்.”

வேண்டாம் அண்ணை என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. வீடு வாங்கி விற்கும் முகவரான தம்பி ஒருவர், மேடையே இல்லாவிட்டாலும் பேச்சு நிகழ்த்தக்கூடியவர், கடலையைக் கொறித்தபடி நிலத்தைப் பார்த்தார். “ஓம், அதுவும் சரிதான்,” என்றார் இன்னொருவர். என் கணவர் வாய்வரைக்கும் கொண்டுபோன றோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார். அதன்பிறகு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களைக் காணாமல் இருக்கமாட்டேன் என்று ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளைக்குச் சொன்னால் என்ன, வானம் இடிந்து விழுந்துவிடுமா? அண்ணையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, யாராவது மறிக்கமாட்டார்களா என்றுதான் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். மறிக்க வேண்டியவர்கள் எல்லோரும் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். இனி வருகிற ஓகஸ்ட் மாதங்களில் என் வீட்டுக்காரர் அயர்ன் பண்ணாத சேர்ட்டோடு சோபாவில் இருக்கப்போவது கண்முன்னால் வந்து நின்றது.

பேணி சுற்றிவந்தது. கையை விட்டேன். ஒன்றாம் நம்பர்.

“அக்காவுக்கு அடிச்சிட்டுது!” என்று கத்தினார்கள். அந்த வருடம் எல்லோருடைய கண்ணும் ஒரே ஒரு ஓட்டக்காரனில்தான் இருந்தது. பந்தை அவன் கையில் கொடுத்தால் நான்கு பேரைச் சுமந்துகொண்டு ஓடுவான். அவனுடைய பெயரை நான் சொல்லவேண்டியதுதான் பாக்கி. என் கணவர் தன் துக்கத்தையும் மறந்து, சொல்லும், சொல்லும் என்று கண்ணைக் காட்டினார்.

அந்தக் குழுவில் ஒரு விதி இருந்தது. முன்னால் இருப்பவர் தன் இடத்தைப் பின்னால் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய இடத்துக்கு இறங்கிக்கொள்ளலாம். இறங்குவதற்கு விலையாக, அந்தப் பின்னால் இருப்பவருக்கு அடுத்த வருடம் வரப்போகிற முதற்சுற்று முறையையும் கேட்டு வாங்கலாம். பேணியில் கை வைத்துச் சொன்னால் சொன்னதுதான். அதை மாற்றிய ஆள் இதுவரை இல்லை.

நான் வீட்டு முகவர் தம்பியைப் பார்த்தேன். அவருக்கு மூன்றாம் நம்பர். “தம்பி, என்ரை ஒண்டை நீர் எடும். உம்மடை மூண்டையும் அடுத்த வருசத்து முதற்சுற்றையும் எனக்குத் தாரும்.”

 பேஸ்மென்டே அதிரச் சிரித்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர் தம்பி ஒருவரும் குழுவில் இருந்தார். நல்ல பிள்ளை, நியாயம் தவறாது. அவர்தான் பாவம் பார்த்துச் சொன்னார்: “அக்கா, ஒரு நிமிஷம். அடுத்த வருஷமே கிடையாதுன்னு அண்ணன் இப்பதானே சொன்னாரு? அப்புறம் அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“அது என்ரை பாடு,” என்றேன்.

வீட்டு முகவர் தம்பி நான் மனம் மாறுவதற்குள் பேணியில் கையை வைத்துவிட்டார். இல்லாத ஒன்றைக் கொடுத்து அந்த ஓட்டக்காரனை வாங்க யாருக்குத்தான் கசக்கும்? மேசைக்குக் கீழே என் காலில் ஒரு உதை விழுந்தது. என் கணவர். நான் காலை மடக்கிக்கொண்டு, என் மூன்றாம் இடத்தைக் கம்ப்யூட்டர் தம்பியின் ஐந்தாம் இடத்துக்கு மாற்றினேன். விலை அதேதான், அவருடைய அடுத்த வருடம். நியாயம் பேசிய பிள்ளையும் கூச்சத்தோடு பேணியில் கை வைத்தது. ஐந்தை அண்ணையின் எட்டுக்கு மாற்றினேன். “பாவமாய்க் கிடக்கு, பிள்ளை,” என்று சொல்லிக்கொண்டே அண்ணையும் வைத்தார். அடுத்தடுத்த சுற்றுகளில் மற்றவர்களோடும் இதே வேலைதான். பின்னேரம் பேணியை மூடும்போது, என் கணவரைத் தவிர அங்கிருந்த ஒவ்வொருவரும் அடுத்த வருடத்தில் எனக்கு ஏதோ ஒன்று தரவேண்டியிருந்தது. என் அணியில் இருந்ததோ நொண்டியும் கிழவருமான ஒரு கூட்டம்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் என் கணவர் தொடங்கினார்.

“உமக்கு என்ன விசரோ? இல்லாத வருசத்துக்கு ஆராவது முதல் ஆளை விப்பினமோ? எனக்கு ஒரு நாளும் வராத நம்பர். அது உமக்கு வந்தது. அதைக் கொண்டுபோய்...”

“றோட்டைப் பாத்துக் காரை ஓடுங்கோ,” என்றேன்.

காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் அன்றைக்கே எல்லோருக்கும் போன் அடித்து, “இவ பகிடிக்குச் செய்தவ, குறை நினையாதேங்கோ,” என்று முழுவதையும் கெடுத்துவிடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

அந்த வருடம் நான் கடைசியாக வந்தேன். நன்றாகவே கடைசியாக வந்தேன். நான்கு பேரைச் சுமந்து ஓடுபவன் வீட்டு முகவர் தம்பிக்காக ஓடினான். தம்பி ஞாயிறுதோறும் எனக்குக் கும்பிடுகிற கைப் படம் ஒன்றைப் போனில் அனுப்பினார். பனி கொட்டியது, பனி போனது. அண்ணை வீட்டை விற்றுக் கொண்டோவுக்குப் போனார். ஒருவரும் ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் காத்திருந்தேன்.

ஜூலையில் போனை எடுத்தேன். முதலில் வீட்டு முகவர் தம்பி.

“தம்பி, உம்மடை முதற்சுற்று என்னட்டை இருக்கு. எப்ப தாறீர்?”

“அக்கா... அது முடிஞ்சதெல்லோ? அண்ணையே சொன்னவரெல்லோ? அது ஒரு பகிடியாய்...”

“பேணியிலை கை வைச்சது பகிடியோ? ஒரு பொம்பிளையிட்டை ஆகச் சிறந்த ஆளை வாங்கி, வென்றும் போட்டு, கடையைப் பூட்டிட்டினம் எண்டு நாலு பேர் கதைச்சால் உமக்கு வடிவோ? வீடு விக்கிற ஆள் நீர், சொல்லு முக்கியமெல்லோ?”

 தம்பி சிரித்தார். “அந்தச் சனிக்கிழமை நான் ஒருத்தருக்கும் வீடு காட்ட ஒத்துக்கொள்ளேல்லை, அக்கா.”

கம்ப்யூட்டர் தம்பிக்கு மிரட்டலே தேவைப்படவில்லை. “அன்னைக்கு நைட்டே எனக்கு மனசு கேக்கலக்கா. எங்க வரணும்?” என்றார். மற்றவர்களுக்கும் அந்தச் சனிக்கிழமை அதிசயமாக ஒரு வேலையும் இருக்கவில்லை. பிஸியான ஆட்களாம்!

அண்ணையை ஆகக் கடைசியாக எடுத்தேன். என் கோரிக்கையை முழுவதும் கேட்டார். பேஸ்மென்ட் இல்லையே என்றார். எங்கள் கராஜ் இருக்கிறது என்றேன்.

“பேணி என்னட்டைத்தான் கிடக்கு, பிள்ளை,” என்றார். “எல்லாத்தையும் எறிஞ்சிட்டுத்தான் இஞ்சை வந்தனாங்கள். இதை எறியேல்லை.”

என் கணவரிடம் கராஜைத் துப்பரவாக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். உடனே போய்க் கராஜ் கதவைத் திறந்தார். உடைந்த சைக்கிள், நான் எறியச் சொல்லி அவர் எறியாத பழைய மைக்ரோவேவ், எல்லாம் ஒரு வாரத்துக்குள் காணாமல் போயின. நிலத்தைக் கழுவினார். எங்கிருந்தோ ஒரு கம்பளம் கொண்டுவந்து விரித்தார். காரின் பனிக்கால ரயர்களை அடுக்கி மேலே பலகை போட்டு மேசை செய்தார். இந்த வேகம் என் சமையலறை அலுமாரிக் கதவு திருத்தும்போது எங்கே போயிருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். குறித்த நேரத்துக்கு முன்னாலேயே வந்தார்கள். அண்ணை பேணியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சாப்பிட்டு முடிய, முகத்தைத் தொங்கப்போட்டபடி சொன்னார்: “சரி பிள்ளை, எங்கடை முறையெல்லாம் உம்மட்டைத்தான். முதற்சுற்றிலை அரைவாசி நீரே எடும்.”

“எனக்கு வேண்டாம், அண்ணை. உங்கடை முறையை நீங்களே வைச்சிருங்கோ. எல்லாரும்தான்,” என்றேன். “அதுக்குப் பதிலாய் எனக்கு அடுத்த வருசத்தைத் தாங்கோ.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.  முதலில் விளங்கியது கம்ப்யூட்டர் தம்பிக்கு. எழும்பிவந்து பேணியில் கையை வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடத்து உதை இப்போதுதான் அவருக்கு வலித்திருக்கவேண்டும்.

பேணி குலுங்கியது. துண்டுகளை எடுத்தோம். என் கணவர் தன்னுடையதை விரித்துப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குத் தெரியும்படி மேசையில் வைத்தார். ஒன்று.

கராஜ் கூரை பறந்துவிடும்போலச் சத்தம். இத்தனை வருடம் காத்திருந்த மனிதருக்கு வந்துவிட்டது. அதே ஓட்டக்காரன், இன்னும் ஒரு வயது முற்றி, இன்னும் வேகமாக. எல்லோரும் பெயருக்காகக் காத்திருந்தோம். அவர் தொண்டையைச் செருமினார். கடைசி நம்பர் யாருக்கு என்று கேட்டார். அண்ணைக்கு.

“அண்ணை, இதை நீங்கள் எடுங்கோ. உங்கடை எட்டை எனக்குத் தாங்கோ.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

“அடுத்த வருசத்தையும் கேப்பாய். அது உன்ரை மனிசியிட்டைப் போட்டுதேடா,” என்றார் அண்ணை.

“அப்ப அதுக்கடுத்த வருசத்தைத் தாங்கோ.”

அண்ணை சிரித்தார். “என்ரை வயசு தெரியுமோ? அதுவரைக்கும் நான் இருக்கவேணுமெல்லோ?”

“இருக்கத்தான் வேணும், அண்ணை,” என்றார் என் கணவர். “எனக்குத் தரவேண்டியிருக்கெல்லோ.”

பேணியை அவருக்கு முன்னால் தள்ளிவைத்தார். அண்ணை அதைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பிறகு கையை வைத்தார்.