‘ப்ராபப்லி’க்கு எத்தனை குலை?

செம்பனைத் தோட்டத்தில் குலை எண்ணுகிறவனின் வேலை, இன்னும் பழுக்காததை அண்ணாந்து பார்த்து, இவ்வளவு பழுக்கும் என்று சொல்லிவிட்டு, நான்கு மாதம் பயந்துகொண்டிருப்பது.

தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக இதைச் செய்கிறேன். பத்து வரிசைக்கு ஒரு வரிசை, அதில் பத்து மரத்துக்கு ஒரு மரம். அந்த மரத்தில் இருக்கும் பழுக்காத குலைகளைக் கருங்குலை என்போம். அவற்றை எண்ணி எழுதினால், வரப்போகும் மாதங்களின் விளைச்சல் தெரியும். எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவனிடம் ஆங்கிலத்தில் பாரம், அதாவது படிவம், நிரப்பச் சொன்னதும்தான் சண்டை வந்தது. உங்களில் எத்தனை பேர் அப்படி ஒரு பாரத்தின் முன் பேனாவை மூடி மூடித் திறந்திருப்பீர்களோ, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலிக் கட்டம்

தலைமை ஆபீசிலிருந்து வந்த புதுப் பாரத்தில், எண்ணிக்கைக்குக் கீழே நீளமாக ஒரு கட்டம் இருந்தது. விளைச்சல் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதவும் என்று அதில் போட்டிருந்ததாம். நான் எண்ணை மட்டும் எழுதிவிட்டுக் கட்டத்தை அப்படியே விட்டேன். பாரம் திரும்பி வந்தது. மறுபடியும் அப்படியே அனுப்பினேன். மறுபடியும் வந்தது.

மூன்றாம் தடவை ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிரானி பிலோமினா என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. “அண்ணே, நம்பர் மட்டும் போதாதாம். நீங்க என்னா நினைக்கிறீங்கன்னு கேக்குறாங்க. இருபத்தாறு வருஷத்துல இப்பதான் கேக்குறாங்க, வாயத் தொறந்து சொல்லுங்கலா!”

பத்துக்கு எத்தனை

“வரும்னு போடும்மா” என்றேன். “எப்படி வரும்?” என்றாள். வருவதில் எப்படி வருவது என்று ஒன்று உண்டா? உண்டாம். அவள் கம்ப்யூட்டரில் நான்கு வாக்கியங்களைத் தட்டிக் காட்டினாள். ‘மே பாஸிப்லி’ வரும். ‘குட் வெல்’ வரும், வர நல்ல வாய்ப்பு உண்டு என்று அர்த்தமாம். ‘வில் ப்ராபப்லி’ வரும். ‘வில் டெஃபனட்லி’ வரும். எல்லாவற்றிலும் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. முதல் சொல் கதவைத் திறக்கிறது, இரண்டாவது சொல் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்கிறது. அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

நடக்காத ஒன்றை இப்படிப் படி படியாக அளந்து வைத்திருக்கிறார்களே! நாமும்தான் ‘வந்தாலும் வரும்’ என்கிறோம், ‘அநேகமா வரும்’ என்கிறோம். ஆனால் எது எவ்வளவு என்று நான் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. என் நோட்டை எடுத்து, ஒவ்வொன்றும் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். மே பாஸிப்லிக்கு இரண்டு, மூன்று. குட் வெல்லுக்கு ஆறு. வில் ப்ராபப்லிக்கு எட்டு. வில் டெஃபனட்லிக்குப் பத்து. கோடு போட்டு எழுதிக்கொண்டேன். அவள் சிரித்தாள்: “எங்க இங்கிலீஷ் டீச்சர்கூட இதுக்கெல்லாம் கிலோ கேட்டதில்ல அண்ணே!”

சி ரூசாவில் ஒரு டெஃபனட்லி

படித்ததைச் சோதிக்காமல் விட மாட்டேன். இரண்டு மாதம் ஆபீசில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொண்டு, நடந்ததா இல்லையா என்று நோட்டில் குறித்தேன். ‘ப்ராபப்லி’ பதினொன்றில் ஒன்பது நடந்தது. பரவாயில்லை. இரண்டாம் மாதம் தோட்டத்தார் எல்லாரையும் சி ரூசா கடற்கரைக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். மானேஜர் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு ‘டெஃபனட்லி’ மழை இல்லை என்றார். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அடித்த மழையில் சம்பலும் ரசமும் ஒன்றாகிவிட்டன. நான் நனைந்தபடியே நோட்டைச் சட்டைக்குள் தேடினேன். பிலோமினா தலையில் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “டெஃபனட்லின்னு சொல்ற ஆளுக்கு முதல்ல ஒரு கொடைய வாங்கிக் குடுங்கலா!”

மரத்தின் முதுகு

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டாம் பிளாக் வந்தது. எல்லாம் கிழட்டு மரங்கள். மரத்துக்கு நான்கு கருங்குலையாவது இருந்தால் வைத்திருப்போம், இல்லையென்றால் வருகிற ஜூன் மாதம் வெட்டிவிட்டுக் கன்று நடுவோம் என்று தலைமை ஆபீஸ் எழுதியிருந்தது. ஐம்பத்து நான்கு மரம் பார்த்தேன். நூற்று இருபத்தொன்பது குலை. மரத்துக்கு இரண்டரைகூட இல்லை. தேறுவது ‘மே பாஸிப்லி’ என்று பிலோமினா தட்டினாள்.

அந்தப் பிளாக்கில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள் மாரியாயி. புருஷன் இல்லை. பிளாக்கை வெட்டினால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகள் கவிதாவுக்கு இந்த வருஷக் கடைசியில் எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதிப் பரீட்சை. செய்தி கேட்டு, மாரியாயி சாயந்திரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அந்தப் பாரத்துல ‘கண்டிப்பா’ன்னு ஒரு வார்த்தை போட்டா ஒங்க கை தேஞ்சா போயிரும்?”

“இல்லாததை எப்படிம்மா போடுறது?”

“எந்தப் பக்கம் நின்னு எண்ணுனீங்க?”

எனக்கு வேர்த்துவிட்டது. வரிசைக்கு ஒரு பக்கம் நடைபாதை. மறு பக்கம் வெட்டின மட்டைகளை அடுக்கியிருக்கும். எப்போதும் மரத்தைச் சுற்றி வந்துதான் எண்ணுவேன். இந்தத் தடவை மட்டைக் குவியலில் ஒரு நாகத்தைப் பார்த்துவிட்டு, பாதையில் நின்றே பைனாகுலரால் பார்த்து எழுதிவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அதை அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “மூணு வருஷமா அந்தப் பக்கந்தான் குனிஞ்சு கெடக்குறேன். மரத்துக்கு முதுகும் இருக்குண்ணே” என்றாள்.

இருநூற்று நாற்பத்தொன்று

மறுநாள் விடிந்ததும் போனோம். மாரியாயி முன்னால் கம்பால் மட்டைகளைத் தட்டிக்கொண்டே நடந்தாள். பின்னால் நான். முதல் மரத்தின் மறு பக்கம் போய் அண்ணாந்தேன். ஒவ்வொரு மட்டையின் அடியிலும் ஒரு குழி. குழிக்குள் மழைத்தண்ணீர் மினுங்க, முள்ளும் கறுப்புமாக ஒரு குலை. அதற்கு மேல் இன்னொன்று. அதற்கும் மேல் ஒன்று. யாரும் பார்க்காத பக்கத்தில், யாரும் கேட்காமல், அந்தக் கிழட்டு மரம் காய்ப்பதென்று எப்போதோ முடிவெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. எண்ண வேண்டியவன் எண்ணாமல் நின்றேன். ‘என்னாண்ணே, பாம்பா?’ என்று அவள் பதறிய பிறகுதான் பென்சிலை எடுத்தேன்.

ஐம்பத்து நான்கு மரத்தையும் இரண்டு தடவை சுற்றினோம். இருநூற்று நாற்பத்தொன்று. மரத்துக்கு நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. இருவருமாக ஆபீசுக்குப் போய், முதல் கணக்கு பிழை, பிழை என்னுடையது என்று பாரத்தில் எழுதச் சொன்னேன். பிலோமினாவின் விரல் அடுத்த கட்டத்தில் நின்றது. மாரியாயி என் முகத்தையே பார்த்தாள். அவள் கேட்ட சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மழை பொய்த்தால்? காய் உதிர்ந்தால்? “வில் ப்ராபப்லி” என்றேன். வெளியே வந்ததும், அவள் பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். எட்டு என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எட்டு போதும்ணே. பத்து எனக்கு யாரு குடுத்திருக்கா?”

பதில்

மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. இரண்டு கணக்குக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் அடுத்த நான்கு மாத விளைச்சலைப் பார்ப்பார்களாம். அதுவரை வெட்டு நிற்கும். அதற்குப் பிறகு பிளாக்கை வைத்திருப்பது ‘மே பாஸிப்லி’. அவர்களும் அளந்துதான் எழுதுகிறார்கள். அந்த நான்கு மாதமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கவிதா பள்ளிக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முதல் மாதம் சுமார். இரண்டாம் மாதம் பழுக்கத் தொடங்கியது. மூன்றாம் மாதம் ஒரு லோரி போதாமல் இன்னொரு லோரியைக் கூப்பிட்டார்கள். குலைகள் தொப் தொப்பென்று விழுவதைப் பாதையோரம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்காம் மாதக் கடைசியில், இந்த வருஷம் வெட்டு இல்லை என்று கடிதம் வந்தது. நானே நடந்து போய் மாரியாயியிடம் சொன்னேன். அவள் அழுதாள், சிரித்தாள், பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து விரலை ஆட்டினாள்: “அடுத்த வருஷத்துக்கு இப்பவே எண்ணக் கெளம்பிறாதீங்க, அவ பரீட்சைய எழுதி முடிக்கட்டும்!”

காய்க்கிற மரத்துக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதன் சார்பில் கையெழுத்துப் போடுகிறவன்தான் இரண்டு மொழியிலும் வேர்த்துக்கொண்டு நிற்கிறான்.