படகிலிருந்த பித்தளைத் திருகு

துபாயில் ஏதோ ஒரு பணக்காரரின் உல்லாசப் படகைப் பத்து வருடம் பழுதுபார்த்துவிட்டுப் பெரியபட்டினத்துக்குத் திரும்பிய என் மாமா, சொந்தமாக வாங்கிய படகில் முதலில் பொருத்தியது ஒரு கக்கூஸை. இவ்வளவு பெரிய கடல் கிடக்கும்போது கக்கூஸ் எதற்கு என்று ஆண்கள் கேலி பேசினார்கள். பெண்கள் யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

மாமா அதைச் செய்தது என் உம்மாவுக்காக. உம்மாவுக்குக் கடல் என்றால் உயிர். ஆனால் படகேறுவதென்றால் முந்தின நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். ஒருமுறை அப்படிப் போய் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

"லாத்தா, இனி வயிறு நெறயத் தண்ணி குடிச்சுட்டு வா," என்றார் மாமா தன் அக்காவிடம். எட்டு வயதான நானும் தொற்றிக்கொண்டேன்.

நங்கூரம் போட்ட இடத்தில் கடல் அசையவே இல்லை. வெகு ஆழத்தில் கடல்புல் ஆடியது. அதற்கும் எங்களுக்கும் நடுவே தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. படகு காற்றில் நிற்கிறது என்றே நம்பினேன். உம்மா முக்கால் போத்தல் தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வெட்கப்பட்டுக்கொண்டே அந்தச் சின்ன அறைக்குள் போனாள்.

வெகுநேரம் வரவில்லை. பிறகு கதவிடுக்கு வழியாக என்னை மட்டும் கூப்பிட்டாள். கடல்தண்ணீரை இறைக்கும் கைப்பிடியை எத்தனை தடவை அடித்தும் தண்ணீர் வரவில்லையாம்.

"மாமாவ இங்கன விட்டுராத புள்ள. இத இப்புடிப் போட்டுட்டு நான் எப்படி வெளிய வருவேன்? கரைக்குப் போனா இனி இந்தப் படகுப் பக்கமே தல வைக்க மாட்டேன்."

போய்ச் சொன்னேன். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. எழுந்து படகின் முன்னணியத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் அறைக்குத் திரும்பியதும் அங்கிருந்தே கேட்டார்.

"கைப்பிடி இறுக்கமா இருக்கா?"

"ஆமா மாமா."

"பீங்கானுக்குக் கீழ ஒரு பித்தளைத் திருகு இருக்கும் பாரு. குழாய்க்கு நேரா இருக்கா, குறுக்க இருக்கா?"

நான் குனிந்தேன். அறையின் வெள்ளைச் சுவரில் அலைவெளிச்சம் ஊர்ந்துகொண்டிருந்தது. மாமாவின் குரல், தூக்கத்தில் கேட்பது போல எங்கிருந்தோ வந்தது. திருகு குறுக்கே இருந்தது.

"தொறந்து கெடந்துச்சு. நாந்தான் மூடுனேன்," என்றாள் உம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

லாரித் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிற ஊர் எங்களுடையது. திறந்த குழாயைக் கண்டால் எங்கள் வீட்டுக் கைகள் யாரையும் கேட்காமல் மூடிவிடும். நடுக்கடலிலும் மூடியிருக்கிறது.

திருகை நேராக்கிக் கைப்பிடியை அடித்தேன். கடல் சளசளவென்று உள்ளே வந்தது. எல்லாம் சுத்தமாகப் போனது.

உம்மா வெளியே வந்து தலைகுனிந்து உட்கார்ந்தாள். மாமா இன்னும் திரும்பவில்லை.

"என் தப்புதான் லாத்தா. திருகத் தொறக்க மறந்துட்டேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு போத்தலை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்தாள். காலிப் போத்தலைப் பலகையில் வைத்த சத்தம் கேட்டுத்தான் மாமா திரும்பினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அந்த வெயிலுக்குத் தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.