கறுப்பு மிதியடி

டிரைவர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற ஆறாம் வருஷம் பெண்டாட்டியின் பெயர் மறந்துபோனது. இரண்டு மணி ஷிப்ட் மட்டும் மறக்கவில்லை. ஒன்றரை அடித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை ஓடும் லாரிகளுக்கு நடுவே நின்று கை காட்டிக்கொண்டிருந்தவரைப் பிடித்து வந்தார்கள்.

அவர் பெண்டாட்டி டெய்லரம்மா முதலில் கதவைப் பூட்டினாள். அவர் குத்திக் குத்தி விரல் எலும்பை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட நர்ஸ்தான் சொன்னாள்: "பூட்டாதீங்கம்மா, மிரண்டுடுவாரு. எதிர்த்துப் பேசாம பேச்சை மாத்துங்க. வாசல்ல ஒரு கறுப்பு மிதியடி போடுங்க. சில பேருக்கு அது பள்ளம் மாதிரி தெரியும், தாண்ட மாட்டாங்க."

அன்றே வாசலில் மிதியடியைப் போட்டு, அவர் சட்டைக் காலர்களின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்தாள். ஒன்றரை மணிக்கு, "டிப்போலேர்ந்து ஆள் வந்தாங்க. வண்டி ரிப்பேராம். சாப்பிட்டுட்டு வரச் சொன்னாங்க" என்பாள்.

"எவன்டா அந்த மெக்கானிக்? தண்டச்சோறு!" என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். மிதியடி வரை போனாலும் எட்டிப் பார்த்து, "ஆழமா இருக்கு" என்று திரும்பிவிடுவார். பல மாதங்களுக்குப் பிறகு அவளுடைய தையல் மெஷின் மதியத்தில் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனவள் வாசற்படியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போயிற்று. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"ஏங்க, கையக் குடுங்க!"

ஓடி வந்தவர் மிதியடிக்கு உள்பக்கமே நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கினார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பள்ளம் இருக்கும்மா! நீ எதுக்கு அதுல இறங்குன?"

"வெறும் மிதியடிங்க. மிதிச்சுட்டு வாங்க. நான்தான் போட்டேன்."

அவர் நம்பவில்லை. கால்சட்டை நனைந்தது தெரியாமல் மூன்று மணி நேரம் அங்கேயே நின்று அழுதார். தற்செயலாகப் பார்க்க வந்த மகன் தூக்கும்போது, கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ரெண்டு பேரையும் என்னால பாத்துக்க முடியாதும்மா" என்றான் மகன். அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அவரை ஒரு முதியோர் இல்லத்தில் விட்டான்.

இரண்டு மாதம் கழித்து, நடக்க ஊன்றும் கம்பிச் சட்டத்தோடு அவள் அந்த இல்லத்துக்குப் போனாள். ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய ஒரு துணிப்பட்டை.

"தங்கமான மனுசன், தொந்தரவே இல்ல" என்றாள் ஆயா.

"கொஞ்ச நேரம் அவுத்து விடேம்மா."

"அவுத்தா பின்னாடியே நீங்க ஓடுவீங்களா?"

டெய்லரம்மா பட்டைக்குள் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் கீழே ஹாரன் அடிக்கும் வரை அவர் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.